ஐம்பத்தேழைக் கழித்தால்

தினமும் காலை ஆறரை மணிக்கு அவள் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடை மெஷின்மேல் ஏறி நிற்பாள்.

ஏதோ சின்னப் பலகை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டே முக்கால் மீட்டர் நீளம். நிமிர்த்தினால் அவள் தலைக்கு மேலே இன்னும் முக்கால் ஆள் உயரத்துக்கு நிற்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் அதைத் தூக்கவே முடியும். முதல் நாள் மறந்துபோய்த் தூக்கியதில் விசிறியின் ஓர் இறக்கை கோணிப்போய், அன்றிலிருந்து அது சுற்றும்போதெல்லாம் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம்.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதடி. அதுல எல்லாம் எடை குறையாது" என்பார் கணவர், தரையோடு தரையாகக் குனிந்து எண்ணைப் பார்த்தபடி.

"நான் எங்க பிடிச்சேன்? பலகை மூக்கை அமுக்குது. சீக்கிரம் படிங்க."

"எழுபத்து மூணு புள்ளி நாலு. அம்பத்தேழு போனா... பதினாறு புள்ளி நாலு. எறங்கு எறங்கு."

ஐம்பத்தேழு அவளுடைய எடை. அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த எண். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் ஒரு கிலோ ஏறியதில்லை, ஒரு கிலோ இறங்கியதில்லை. கல்யாணத்துக்குத் தைத்த உடுப்பு இன்னும் அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அவளுடைய அக்காவுக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட உண்டு. "நீ மனுஷியா, இல்ல எடைக்கல்லா?" என்பாள்.

பலகையைத் தனியாக மெஷின்மேல் வைத்தால் அது எண்ணை மறைத்துவிடும். நிமிர்த்தி நிறுத்தினால் சாய்ந்துவிடும். அதனால் ஓர் ஆள் கட்டிப்பிடித்து நிற்க வேண்டும், பிறகு அந்த ஆளின் எடையைக் கழிக்க வேண்டும். கணவர் சொன்ன வழி இது. முதல் நாள் அவளைத் தனியாக ஏற்றிப் பார்த்தார். சொல்லிவைத்த மாதிரி ஐம்பத்தேழு. "பாத்தியா!" என்று நோட்டின் முதல் பக்கத்தில் கொட்டையாக எழுதிக் கட்டம் போட்டுவிட்டார்.

அவருடைய நண்பர் ஒருவர் ஏரிக்கரையில் ஃபைபர் படகு கட்டுகிறவர். விரலிலும் சட்டையிலும் தாடியிலும் எப்போதும் பிசின் ஒட்டியிருப்பதால் ஊரே அவரைப் பிசின் என்றுதான் கூப்பிடும். அவர் கேட்டார்: "எதுக்குடா இவ்ளோ தொல்லை? எங்கிட்ட தொங்குற தராசு இருக்கு, கொக்கியில மாட்டினா ஆச்சு."

"உன் தராசு அரைக் கிலோவுக்குக் கீழ காட்டாது. எனக்கு நூறு கிராம் தெரியணும்."

"அதுக்காக தங்கச்சியைத் தினம் ஏத்தி எறக்குவியா?"

"இருபத்தி ரெண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன்டா நான். எடையைப் பத்தி எங்கிட்ட பேசாத. எந்த லிஃப்ட்லயும் தகடு பாத்திருக்கியா? எட்டுப் பேர், ஐந்நூத்தி நாப்பத்தி நாலு கிலோ. ஒரு ஆளுன்னா அறுபத்தெட்டு. அவ்ளோதான் கணக்கு. ஆளை ஒவ்வொருத்தரா நிறுத்தி எடை பாத்துக்கிட்டிருந்தா லிஃப்ட் ஓடாது."

பிசின் தாடியில் ஒட்டியிருந்த பிசினை உரித்துக்கொண்டே கிளம்பினார்.

பலகை வந்த கதை இது. கணவருக்கு வயிற்றில் கட்டி. வெட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள், மறுபடியும் வெட்டினார்கள். கடைசியில் டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே மருந்து வேணாம். மருந்து நிறுத்தினதும் உடம்பு கொஞ்சம் தெம்பா இருக்கும். ரெண்டு மாசம் சொல்லலாம். அந்த ரெண்டு மாசத்தை உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வெச்சுக்கோங்க."

பேருந்தில் வீடு திரும்பும்போது அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும் இடத்தில்தான் சொன்னார். "ஒரே ஒரு தடவை ஏரியில நின்னுடணும்டி."

அவளுக்குப் புரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் விண்ட்சர்ஃபிங் பைத்தியம். பலகைமேல் நின்று, பாயைக் கையால் பிடித்து, காற்றிலேயே தண்ணீர்மேல் பறப்பது. ஏரியில் அவருக்கு ஈடு யாரும் இல்லை என்று பிசின் இன்றைக்கும் சொல்வார். கல்யாணம், வாடகை வீடு, அவசர வேலை என்று ஒவ்வொன்றாக வந்ததில் பழைய பலகையை யாருக்கோ கொடுத்துவிட்டார். அதைப் பற்றி ஒரு நாள்கூட அவர் புலம்பியதில்லை. அதனால்தான் அவர் கேட்ட அன்றே அவள் பிசினுக்குப் போன் போட்டாள்.

ஒரு ஹோட்டல் தன் கிடங்கைக் காலி செய்தபோது பிசின் போய் அள்ளிக்கொண்டு வந்தார். ஒரு பலகை, இரண்டு துண்டு பாய்மரம், ஒரு பாய், பாயைச் சுற்றி வளைந்திருக்கும் கைப்பிடிக் குழாய், ஒரு வால்துடுப்பு. எல்லாம் பல வருஷமாகக் கிடந்து நொந்தவை. பலகை மாடிப்படியில் திரும்பவில்லை. கயிறு கட்டி பால்கனி வழியாக மேலே இழுத்தார்கள். கீழ்வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இஸ்திரி மேஜை இவ்வளவு பெருசா வருதா இப்போ?" என்று கேட்டார்.

அந்த முதல் மூன்று வாரம் வீடு கலகலப்பாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கைப்பிடிக் குழாயின் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று அழுக்கேறி இறுகிக் கிடந்தன. அவர் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, மரச் சுத்தியலால் செல்லமாகத் தட்டி, எண்ணெய் விட்டு, ஒரு மாலை முழுக்க அதனோடு பேசிக்கொண்டே பிரித்தெடுத்தார். பாய்மரத்தின் இரண்டு துண்டும் உள்ளே மணல் மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றன. அவள் ஒரு முனையையும் பிசின் மறுமுனையையும் பிடித்து முறுக்க, அது பட்டென்று கழன்று, இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் போய் விழுந்தார்கள். பாய்மரத்தையும் பலகையையும் கோக்கும் ரப்பர் இணைப்பை அவர் வளைத்துப் பார்த்தார். மயிரிழை மாதிரி வெடிப்புகள். "இது நடு ஏரியில கழுத்தறுக்கும்" என்று வேறு வாங்கி மாட்டினார்.

பாய் அவள் பொறுப்பு. திரைச்சீலைக் கடையில் பதினோரு வருஷமாகத் தையல் வேலை செய்பவள். பாயின் நடுவே கண்ணாடி மாதிரி இருந்த படலம் மஞ்சளித்து நொறுங்கிப் போயிருந்தது. அதை வெட்டியெடுத்துவிட்டுப் புதுப் படலம் தைக்க வேண்டும். துணி என்றால் குண்டூசி குத்திப் பிடிக்கலாம். இதில் ஊசி குத்தினால் குத்திய ஓட்டை ஓட்டைதான், அதிலிருந்தே கிழியும். அதனால் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் பிடித்தாள். தையலும் நெருக்கமாகப் போடக்கூடாது. தபால்தலை மாதிரி கிழிந்து வந்துவிடும். எட்டிப் போட வேண்டும், கோணல்மாணலாகப் போட வேண்டும். கடை மூடியபின் முதலாளியம்மாவிடம் சாவி வாங்கி, பெரிய மெஷினில் மூன்று மாலை உட்கார்ந்து முடித்தாள்.

எல்லாம் தயார். பாக்கி பலகை மட்டும்.

பலகைக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. மேலே கெட்டியான ஃபைபர் ஓடு, உள்ளே முழுக்க நுரைப்பஞ்சு. எங்கோ ஒரு கீறல் வழியாக வருஷக்கணக்கில் குடித்த தண்ணீர். அவர் வால்பக்கத்தில் ஒரு துளை போட்டு நிமிர்த்தி வைத்தார். பழுப்பாகச் சொட்டியது. கீழே விரித்த செய்தித்தாள் நனைந்து நனைந்து மாறியது. சொட்டு நின்றபிறகும் பஞ்சுக்குள் ஈரம் இருக்கும். காற்றோட்டத்தில் தானாகக் காய வேண்டும். அவசரப்பட்டுத் துளையை அடைத்தால் வெயிலில் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி மேலோட்டைக் கொப்புளமாகக் கிளப்பிவிடும்.

"இருபத்தி மூணு வயசுல நானும் இந்தத் தாடியும் அவசரப்பட்டு அடைச்சோம்டி. நடு ஏரியில பலகை வாயைப் பொளந்துடுச்சு. ரெண்டு மணி நேரம் நீந்தினோம்."

"நீந்தினது நான். நீ என் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்த" என்றார் பிசின்.

விதி ஒன்றுதான். தினமும் எடை பார். அஞ்சு நாள் தொடர்ந்து ஒரே எடை நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது அடை.

பதினாறு புள்ளி நாலு பதினைந்தானது, பதினாலானது, பன்னிரண்டுக்கும் கீழே வந்தது. அவர் நோட்டில் எழுதும்போதெல்லாம் ஒரு சீட்டி அடிப்பார். அவருடைய எடையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவளுடையதைப் பற்றிப் பேச ஒன்றுமே இல்லை, அதுதான் ஐம்பத்தேழு ஆயிற்றே.

இருபதாம் நாள் காலை அவர் விசில் அடித்துக்கொண்டே எழுந்தார். இரண்டு முறை மாடியிறங்கி ஏறினார். பால்கனியில் நின்று மரங்களைப் பார்த்தார். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடின. பிசின் அன்று பிசின் டப்பாவோடு வந்திருந்தார்.

"இன்னிக்கு என்னமோ நல்லா இருக்குடி. உடம்பே என்னோடதா இருக்கு. காத்தும் இருக்கு. அடைச்சிடலாமா?"

"நேத்து எவ்ளோ?"

"பதினொண்ணு."

"இன்னிக்கு?"

"பத்து புள்ளி எட்டு."

"குறையுதில்ல?"

"குறையுது. கொஞ்சம்தானே..."

"அதெல்லாம் முடியாது. அஞ்சு நாள் ஒரே எடை நிக்கணும்னு சொன்னது நீங்க. இன்னும் தண்ணி இருக்கு உள்ள. ஏரி நடுவுல பொளந்தா இந்த உடம்போட ரெண்டு மணி நேரம் நீந்துவீங்களா?"

பிசின் தாடியைச் சொறிந்தார். "தங்கச்சி, இவன் சொல்றதுலயும் ஒரு..."

"அண்ணா, நீங்க சும்மா இருங்க. இந்தத் தடவை இவரு உங்க கழுத்தைக்கூடப் பிடிக்க மாட்டாரு."

கணவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "என் விதியை வெச்சே என்னை மடக்கிட்டா பாருடா. சரி போ, டப்பாவைத் தூக்கிட்டுப் போ. காத்து எங்க ஓடிடப் போகுது?"

அதற்கப்புறம் எடை அடம்பிடித்தது. ஒரு நாள் நூறு கிராம் குறையும், ஒரு நாள் இருநூறு. இரண்டு நாள் அப்படியே நிற்கும். ஆஹா என்று இருவரும் மூன்றாம் நாளுக்குக் காத்திருந்தால் மறுபடியும் குறையும். ஒன்பதானது, எட்டானது. பலகையில் ஒட்டியிருந்த சீட்டு எப்போதோ உரிந்துபோனதால் அதன் உண்மையான எடை யாருக்கும் தெரியவில்லை. "நல்ல பந்தயப் பலகைடா இது. ஏழு கிலோவுக்கும் உண்டு. இன்னும் குறையட்டும், பறக்கும்" என்று பிசினே உற்சாகப்படுத்தினார்.

இதற்கிடையே கணவர் குனிந்து எண்ணைப் படிப்பதை விட்டார். நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்தார். மாடியிறங்குவதை விட்டார். அடுப்பு வாசனை அவருக்கு ஆகவில்லை. யாராவது எதையாவது வதக்கினாலே குமட்டிக்கொண்டு வந்தது. அதனால் அவள் அடுப்பு மூட்டுவதையே நிறுத்தினாள். அவருக்குக் கடையில் வாங்கிய கஞ்சி, பால். அவளுக்கு? கேட்டால் "கடையில சாப்பிட்டேன்" என்பாள். கடையில் கேட்டால் "வீட்ல ஆச்சு" என்பாள். நின்றபடியே இரண்டு பிஸ்கட், ஒரு டீ. பசித்ததாக ஞாபகமில்லை. இடுப்பில் உடுப்பு நழுவியபோது ஒரு சேஃப்டி பின் குத்திக்கொண்டாள். பகல் முழுக்க ஊரார் வீட்டு ஜன்னல்களை டேப்பால் அளக்கிறவள், அந்தப் பின் எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

நாற்பத்து மூன்றாம் நாள் மெஷின் அறுபத்து நாலு புள்ளி நாலு காட்டியது. அம்பத்தேழு போனால் ஏழு புள்ளி நாலு. முந்தின நாள் ஏழரை. இன்னும் நிற்கவில்லை.

அன்று பகல் பதினொரு மணிக்குத் தையல் மெஷின்மேலேயே அவள் தலை சாய்ந்தது. ஊசி ஓடிக்கொண்டிருந்தது, நல்லவேளை, முதலாளியம்மா பாய்ந்து ஸ்விட்சை அணைத்தாள். தெருமுனை ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், "இதுல ஏறுங்க" என்று எடை மெஷினைக் காட்டினாள்.

"எனக்கு எடை தெரியும். அம்பத்தேழு."

"பரவால்ல, ஏறுங்க."

ஏறினாள்.

"அம்பத்தி ரெண்டு புள்ளி மூணு."

"உங்க மெஷின் தப்பு."

நர்ஸ் பேனாவை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "எல்லாரும் ஏறினதும் அதைத்தான் சொல்வாங்கம்மா. ஆனா குறைச்சலாக் காட்டுதுன்னு சண்டை போடுற மொதல் ஆளு நீங்கதான்."

அவள் இறங்கி, மறுபடியும் ஏறினாள். ஐம்பத்திரண்டு புள்ளி மூன்று. அவள் கை தானாக இடுப்புக்குப் போய் அந்தப் பின்னைத் தொட்டது.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த அரை மணி நேரமும் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரே கழித்தலைத் திரும்பத் திரும்பப் போட்டாள். அறுபத்து நாலு புள்ளி நாலில் ஐம்பத்திரண்டு புள்ளி மூன்று போனால் பன்னிரண்டு புள்ளி ஒன்று. காலையில் பார்த்த பலகையின் எடை ஏழு புள்ளி நாலு அல்ல. பன்னிரண்டு புள்ளி ஒன்று. அப்படியானால் பத்து, ஒன்பது, எட்டு என்று குறைந்துகொண்டே வந்தது எது?

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மெஷினில் தனியாக ஏறினாள். பிறகு பலகையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். சோபாவில் படுத்திருந்த கணவர் தலையை நிமிர்த்தினார்.

"என்னடி, காலையிலதானே பாத்தோம்? கடை லீவா?"

"எண்ணைப் படிங்க."

"இங்கிருந்து தெரியலையே."

அவள் பலகையை நட்டமாகப் பிடித்தபடி கழுத்தை வளைத்துத் தானே படித்தாள். பலகையை மெதுவாகச் சுவரில் சாய்த்தாள். பிறகு சோபாவின் அருகே தரையில் உட்கார்ந்து சொன்னாள். சொல்லும்போது அழக்கூடாது என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தாள். முதல் வாக்கியம் வரைக்கும் முடிந்தது.

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். கேட்டு முடித்ததும், "நோட்டை எடு" என்றார்.

நோட்டைப் பிரித்து எண்களின்மேல் விரலை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தார். பழைய லிஃப்ட் ஒன்றின் கோளாறைத் தேடுகிற அதே முகம். முதல் வாரம் முந்நூறு, நானூறு கிராம் என்று குறைந்திருந்தது. பிறகு இருநூறு, முந்நூறு. பத்தொன்பதாம் நாளுக்கு அப்புறம் நூறு, இருநூறு, சும்மா, நூறு. விரல் அங்கே நின்றது.

"இந்த இடம். இதுக்கு முன்னாடியே ஒரு கிலோ உன்னோடது. இங்கேயே பலகை நின்னுடுச்சு. இதுக்கப்புறம் குறைஞ்சதெல்லாம் நீ."

பத்தொன்பதுக்கு அடுத்தது இருபது. அது எந்த நாள் என்று இருவருக்கும் தெரியும். அவர் அந்த வரியைத் தாண்டி விரலைக் கொண்டுபோகவில்லை. நோட்டை மூடினார்.

"நான்தான் வேணாம்னு சொன்னேன்" என்றாள் அவள். "அன்னிக்கு நீங்க ரெண்டு தடவை மாடி ஏறினீங்க. அண்ணா டப்பாவோட வந்தாரு. நான்தான்..."

"அம்பத்தேழுன்னு கட்டம் போட்டு எழுதினது நான். மெஷின் காலடியில கெடந்துச்சு, தினம் உன்னைத் தனியா ஒரு நிமிஷம் ஏத்தியிருக்கலாம். தோணல பாரு. ஆளுன்னா ஒரே எடைன்னு இத்தனை வருஷம் தகடு படிச்ச புத்தி." பிறகு அவள் தோளில் கை வைத்தார். கை எலும்பில் பட்டதும் சட்டென்று எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்தார். "ஏண்டி சாப்பிடல?"

"தெரியலைங்க. மறந்துட்டேன்."

"சாப்பாட்டை யாராவது மறப்பாங்களா?"

அவள் இடுப்பில் இருந்த பின்னைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"போய் அடுப்பை மூட்டு."

"உங்களுக்கு வாசனை..."

"மூக்கைப் பொத்திக்கறேன். போ."

அவள் சமைத்தாள். தலையணையை மூக்கில் அழுத்திக்கொண்டு அவர் சோபாவில் கிடந்தார். தட்டோடு அவள் எதிரில் வந்து உட்கார்ந்ததும் ஒரு வாய் விடாமல் பார்த்தார். இரண்டு முறை அவருக்குக் குமட்டியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சமாளித்துக்கொண்டு மறுபடியும் அவளைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றார். அவள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பிசின் வந்து பலகையின் துளையையும் பழைய கீறலையும் அடைத்தார். விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் ஒரு நக்கல்கூட அடிக்கவில்லை. பிசினைக் கலக்கும்போது, "அந்தத் தொங்குற தராசை அன்னிக்கே சண்டை போட்டாவது கொண்டுவந்திருக்கணும் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். ராத்திரிக்குள் அது கல்லாக இறுகியது. அதன்மேல் உப்புத்தாள் தேய்க்க அவர் கணவரைக் கூப்பிட்டார். கணவர் உட்கார்ந்தபடியே ஐந்து நிமிஷம் தேய்த்தார். ஆறாவது நிமிஷம் உப்புத்தாள் கையிலிருந்து விழுந்தது. அவள் எடுத்து மீதியைத் தேய்த்தாள்.

நான்கு நாள் காற்றில்லை. ஐந்தாம் நாள் காலை மரங்கள் ஆடின.

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பிசினும் கீழ்வீட்டுக்காரரும் முன்னும் பின்னும் பிடித்து மாடியிறக்கினார்கள். "லிஃப்ட் இல்லாத வீட்டுல லிஃப்ட் மெக்கானிக். என் பொழப்பைப் பாருங்க" என்று அவர் சொல்ல, கீழ்வீட்டுக்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருமினார்.

ஏரிக்கரையில் பிசின் பாயை மாட்டினார். கணவர் நாற்காலியிலிருந்து உத்தரவு போட்டார். "கீழ் கயிறை இன்னும் இழு. இன்னும். மேல் ஓரம் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கணும்டா, மறந்துட்டியா?" பாய் விறைத்து நின்றதும் அவள் தைத்த இடத்தை விரல்நுனியால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். "கடையில போட்டதுகூட இப்படி இருக்காது" என்றார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் முகத்தில் நோயே இல்லை.

எழுந்து நிற்க முயன்றார். பிசின் ஒரு தோளையும் அவள் ஒரு தோளையும் பிடித்தார்கள். முழங்கால்கள் மடங்கின. மறுபடியும் முயன்றார். மறுபடியும் மடங்கின.

"பலகைமேல படுத்துக்கோடா, நான் தள்ளிக்கிட்டே வரேன்" என்றார் பிசின்.

"படுக்கறதுக்கு வீட்ல சோபா இருக்கு." தண்ணீரைக் கைகாட்டினார். "நாற்காலியை உள்ள கொண்டுபோய்ப் போடு. பாயையாவது கையில குடு."

முழங்கால் ஆழத்தில் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார்கள். பிசின் பலகையைப் பக்கத்தில் நிறுத்தி, பாய்மரத்தைத் தான் தாங்கிக்கொண்டு, கைப்பிடிக் குழாயைக் கணவரின் கைகளுக்கு நேராகக் கொண்டுவந்தார். அவள் நாற்காலியின் முதுகைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அவர் இரண்டு கையாலும் குழாயைப் பற்றி, பழகிய ஆளாகப் பின்கையை மெல்ல உள்ளே இழுத்தார்.

பாய் 'தப்' என்று நிரம்பியது.

அவருடைய கைகள் நீண்டன, தோள்கள் முன்னே போயின, நாற்காலியே மண்ணில் ஓர் அடி நகர்ந்தது. அந்த இழுப்பு நாற்காலி வழியாக அவள் கைக்கும் வந்தது. இத்தனை பலம் ஒன்றுமில்லாத காற்றில் எங்கே இருந்தது என்று அவள் திகைத்தாள். அவர் வாய் திறந்து சத்தமில்லாமல் சிரித்தது. மூன்று விநாடி இருக்கும். நாலுகூட இருக்கலாம். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. குழாய் நழுவியது. பிசின் கையையும் மீறிப் பாய் போய்த் தண்ணீர்மேல் படாரென்று விழுந்தது.

அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்தார்.

"மூணு வாரம்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தண்ணீரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். "மூணே மூணு வாரம்."

நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே இருந்தது. பலகை காய்ந்தபிறகும் வீணாகக் காத்திருந்த நாட்கள் அவை. நோட்டை மூடிய நாளிலிருந்து இந்த நிமிஷம்வரை அவர் அதைச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"உன்னைச் சொல்லலடி."

"தெரியும்ங்க."

"நெசமாவே உன்னைச் சொல்லல."

"தெரியும்."

பிசின் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு பாயை ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். தண்ணீர் தையல்மேல் வழிந்து இறங்கியது. "இன்னொரு தடவை பாக்கலாமாடா?" என்று கேட்டார். "காத்து நல்லா வருது."

கணவர் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. அவருக்குக் குளிர ஆரம்பித்திருந்தது. அவள் தன் துப்பட்டாவை எடுத்து அவர் தோளைச் சுற்றிப் போட்டு, குனிந்து, ஈரம் சொட்டிய அவருடைய கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டாள். பிறகு அவளும் பிசினுமாக நாற்காலியைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

காற்று அன்று சாயங்காலம்வரை நிற்கவே இல்லை.